ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

அத்தியாயம் 14

நல்லேப்பிள்ளி ஈஸ்வரமூர்த்தி வீட்டில் மூன்று பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வாரா வாரம் இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி.

ஈஸ்வரமூர்த்தியின் மனைவி மருதாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலையை இடது கன்னத்தில் ஒதுக்கிப் பழக்கம். அந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலாடை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆவணியில் அது புண்ணானது. ஐப்பசியில், சித்தூரில் இருக்கும் பல் டாக்டர் ஜோபி அதிலிருந்து துளி சதை வெட்டியெடுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பாலக்காட்டு லேபில் கொடுக்கச் சொல்லி ஈஸ்வரமூர்த்தி கையில் தந்தார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போன மனிதர் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லையாம். வெறும் வாய்ப்புண்ணாம்" என்றார்.

சொன்னாரே தவிர, ரிப்போர்ட்டை யார் கண்ணிலும் காட்டவில்லை.

இதை மருமகள் செல்வப்பிரியா மறக்கவில்லை. அவள் பால்காரர் ஊற்றும் லிட்டரையே நம்பாதவள். அக்ஷயா இ-சேவை மையத்தில் நாலு வருஷமாக ஊரார் காகிதங்களை ஸ்கேன் செய்கிறாள். ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆறு வாரமாக மாமனார் முகம் அப்படித்தான் இருந்தது.

இனி மார்கழி முதல் சனிக்கிழமை.

"ஏன் அம்முணி, என்ற தட்டையும் டம்ளரையும் மட்டும் எதுக்குத் தனியா கழுவி வெக்கற?"

மருதாத்தாள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் செல்வப்பிரியாவைச் சுட்டது.

"காரம் பட்டா எரியுதுன்னீங்கல்ல அத்தை. எங்க தட்டுல மொளகாக் காரம் ஒட்டியிருக்கும். அதுக்குத்தானுங்க."

"அதுக்குத்தானா? ஒட்டிக்கற நோவுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலையே?"

"அய்யோ! நீங்க நெனைக்கற நோவா இருந்தாலும் அது ஒட்டற நோவே கெடையாதுங்க. நீங்க குடிச்ச டம்ளர்ல நான் இப்பவே காப்பி குடிக்கட்டுமா?"

மருதாத்தாள் சிரிக்கப் பார்த்தாள். வாய் பாதிதான் திறந்தது. முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்கும்.

செல்வப்பிரியா போனில் டார்ச்சைப் போட்டாள். "எங்கே, காட்டுங்க."

இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை. உள்ளே புண் போன மாதத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓரமெல்லாம் வரப்பு கட்டினாற்போல் தடித்திருந்தது. வாய்ப்புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும், இது நாலு மாதமாக இருக்கிறது.

அவள் நேராகக் கொல்லைப்பக்கம் போனாள். ஈஸ்வரமூர்த்தி தெளிப்பானைத் தோளில் மாட்டி வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, அத்தையோட அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. ஹெல்த் கார்டுல ஏத்தோணும்."

கார்டில் ஏற்றவேண்டியது எதுவும் இல்லை. பொய் கண்டுபிடிக்கப் போகிறவளும் கைச்செலவுக்கு ஒரு பொய் வைத்திருந்தாள்.

"அதை டாக்டரே வாங்கி வெச்சுக்கிட்டாரு கண்ணு."

"போன வாரம் பீரோல இருக்குதுன்னீங்க. அதுக்கு முந்தி பாஸ்புக்குக்குள்ள இருக்குதுன்னீங்க."

"எனக்கு சோலி கெடக்குது," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். ஒரு காகிதத்துக்கு மூன்று இடம். செல்வப்பிரியா டாக்டர் ஜோபியின் கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

எடுத்த பெண் மலையாளமும் தமிழுமாகப் பேசினாள். "மருதாத்தாள்... ரிப்போர்ட்டு இங்க கொண்டு வரவே இல்லையே சேச்சி! நாங்க ரெண்டு தடவை போன்ல விளிச்சோம். கோயமுத்தூர்ல காணிச்சாச்சுன்னு அந்த அச்சன் பறஞ்சாரு."

இந்தப் பக்கத்து ஊர்களில் இதைவிட நல்ல சாக்கு கிடையாது. பாலக்காட்டு டாக்டரிடம் கோயமுத்தூரில் பார்த்துவிட்டோம் என்றால் மறுபேச்சு இருக்காது. கோயமுத்தூர்க்காரரிடம் பாலக்காட்டில் பார்த்துவிட்டோம் என்றாலும் அப்படியே. எல்லையோரத்தில் பாதிக் குடும்பங்கள் இரண்டு பக்கமும் வைத்தியம் பார்க்கிறவைதான். ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்கு ஒரு கதை, டாக்டருக்கு ஒரு கதை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

செல்வப்பிரியா போனைக் கீழே வைக்கவில்லை. கணவன் பூபதிராஜாவைக் கூப்பிட்டாள். அவன் தேவிகுளம் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வருவான்.

"அத்தையக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்களாங்க?"

"எனக்கெப்புடித் தெரியும்? சீசன் பிரியா, ரூமெல்லாம் ஃபுல்லு. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சும்மா தோண்டிட்டு இருக்காத."

அவனுக்கு வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள். அக்ஷயாவுக்கு லீவு சொன்னாள். பத்தேகால் பஸ்ஸில் பாலக்காடு போனாள்.

லேபில் கவுண்டரில் இருந்த பையன் பெயர் ஜின்சன். மாமியாரின் ஆதார் நகலையும் தன்னுடையதையும் நீட்டி டூப்ளிகேட் கேட்டாள். பெயரைப் படித்ததும் அவன் நிமிர்ந்தான்.

"நல்லேப்பிள்ளி மருதாத்தாள். ஞாபகம் உண்டு சேச்சி. பச்சைத் தண்ணில வந்த பீஸ்."

"தண்ணிலயா?"

"ஃபார்மலின்லதான் வரணும். உடம்புல இருந்து வெட்டின நிமிஷத்துல இருந்து சதை அழுகத் தொடங்கும். ஃபார்மலின்தான் அதைப் பிடிச்சு நிறுத்தும். அப்புறம் மெழுகுல உறைய வெச்சு, நூல் கனத்தைவிடக் குறைவா சீவி, சாயம் ஏத்தி, டாக்டர் மைக்ராஸ்கோப்ல நோக்குவாங்க. தண்ணில போட்டா செல்லெல்லாம் ஊதி உடைஞ்சு போவும். என்ன நோக்க?"

காகிதம் பிரிண்டரில் இருந்து வந்தது. அவள் அதை அங்கேயே நின்று படித்தாள். செல்கள் சிதைந்துவிட்டன, கருத்துச் சொல்ல இயலாது, மீண்டும் சதை எடுத்து அனுப்பவும்.

"அப்ப கேன்சர்னு இல்லையா?"

"கேன்சர்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல சேச்சி. ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான். சீக்கிரமா வேற பீஸ் எடுக்கச் சொல்லி அந்த அப்பச்சன்கிட்ட நான்தான் பறஞ்சேன்."

"இங்க வெச்சு யாராச்சும் மாத்தியிருந்தா?"

ஜின்சனுக்கு முகம் சிவந்தது. வரவு நோட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்தத் தேதியில், 'தண்ணீரில் வந்தது, ஃபார்மலின் வாசனை இல்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஈஸ்வரமூர்த்தியின் தமிழ்க் கையெழுத்து.

டாக்டர் கையிலிருந்து லேப் கை வரைக்கும் அந்த டப்பா ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் செல்வப்பிரியாவுக்கு யோசனை ஓடாத இடமில்லை. தெரிந்தே செய்தாரா? பெண்டாட்டிக்கு என்ன நோய் என்று தெரியவே கூடாது என்று ஒரு மனுஷன் நினைப்பானா? நினைத்தால், எதற்கு நினைப்பான்? மாமனாரைப் பற்றி இப்படியெல்லாம் யோசிக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

வயலில் வேலை முடிந்து ஈஸ்வரமூர்த்தி வரப்பில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் சேற்றோரம் வரைக்கும் வந்து காகிதத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. என்னவென்று கேட்கவும் இல்லை.

"டப்பால தண்ணி ஊத்துனது யாரு மாமா?"

"நாந்தான்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"மூடி சரியா முறுக்கலை போல. வண்டில போறப்ப ஒழுகிப் பையெல்லாம் நனைஞ்சுபோச்சு. நாத்தம்னா நாத்தம், கண்ணு மூக்கெல்லாம் எரிஞ்சுது. நம்ம பூச்சிமருந்து தோத்துப்போகும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "மருந்து மேல பட்டா நாம என்ன பண்ணுவோம்? மூணு தண்ணி ஊத்திக் கழுவுவோமல்ல? வாய்க்கா ஓரத்துல வண்டிய நிறுத்தி அதே மாதிரிதான் பண்ணேன். மிச்சத்தைக் கீழ ஊத்திப்போட்டு, மூணு தடவை அலசி, நல்ல தண்ணியாப் பாத்துப் புடிச்சு வெச்சேன். அவ சதை அம்முணி அது. விஷத்துல ஊறிக் கெடக்கோணுமான்னு இருந்துச்சு."

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட செல்வப்பிரியாவுக்கு இப்போது உதவவில்லை. ஒரு ஆள் அன்பில் இவ்வளவு பெரிய கேடு செய்ய முடியுமா என்று மலைத்துப் போனாள். ஆனால் கோபம் அடங்கவில்லை.

"அது தெரியாமப் பண்ணுனது, விடுங்க. ஆறு வாரம் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னீங்களே, அதுவும் தெரியாமயா?"

"மறுபடியும் வெட்டோணும்னு அந்தப் பையன் சொன்னான். பதினேழு வருஷத்துக்கு முந்தி எங்கண்ணனுக்குத் தொண்டைல கத்தி வெச்சாங்க. மூணே மாசம். கத்தி பட்டதும் ஒடம்பு பூரா பரவிருச்சு. ஊரே சொல்லுச்சு, தொடாம விட்டிருந்தா இருந்திருப்பாருன்னு." அவர் வரப்புப் புல்லைப் பிடுங்கினார். "இவளுக்கு ஒரு தடவை பட்டதே போதும்னு நெனச்சேன். என்னாலதான் அந்த ஒரு தடவையும் வீணாப்போச்சு. அதைய எந்த வாயால வந்து சொல்றது?"

"எனக்குச் சொல்ல வேண்டாம். அத்தைகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போறோம்."

நாலரை மணிக்கு மூன்று பேரும் சித்தூர் கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"மருதா, அந்த ரிப்போர்ட்டு..."

"தெரியுங்க," என்றாள் மருதாத்தாள்.

"என்ன தெரியும்?"

"நல்ல சேதியா இருந்தா பழம்பொரி வாங்காம நீங்க ஊட்டுக்கு வந்திருக்கறீங்களா? அன்னைக்கு வெறுங்கையோட வந்தீங்க. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்பறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீங்க அழுவீங்க. என்னால அதைப் பாக்க முடியாதுங்க."

அவர் உடனே அழுதார். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

டாக்டர் ஜோபி திட்டவில்லை. தண்ணீர்க் கதையைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். கையுறை போட்டுப் புண்ணின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஸ்கேலை வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தார். பிறகு கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனார். மருதாத்தாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவையும் இப்படித்தான் அம்மா கழுத்தைத் தொட விடல. கார்டுல எழுதி வெச்சிருக்கேன். இந்தத் தடவை விடணும்."

செல்வப்பிரியா மாமியாரின் கையை மெல்ல விலக்கினாள். டாக்டரின் விரல்கள் தாடை எலும்புக்குக் கீழே நகர்ந்து, ஓரிடத்தில் நின்றன.

"இங்க ஒரு கட்டி உண்டு. ஒரு நிலக்கடலை அளவு."

ஈஸ்வரமூர்த்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா! நான் சொன்னனே! நீங்க கத்தி வெச்சீங்க, கழுத்துக்கு எறங்கிருச்சு! என்ற அண்ணனுக்கும் இதேதான் ஆச்சு! இன்னொரு தடவை அவளைத் தொட விடமாட்டேன். எந்திரி மருதா, போலாம்!"

 ஒரு கணம் செல்வப்பிரியாவுக்கே அந்தச் சந்தேகம் உள்ளே புகுந்தது. கத்தி வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கட்டி. அவர் சொல்வது சரியாக இருந்தால்?

"உக்காருங்க," என்றாள் மருதாத்தாள். "இது கத்தி வெக்கறதுக்கு முந்தியே இருக்குது."

"என்ன சொல்ற?"

"பொரட்டாசிலயே இருந்துச்சுங்க. குளிக்கறப்ப கைல தட்டுப்பட்டுது. கத்தி வெச்சது ஐப்பசிலதான?"

ஈஸ்வரமூர்த்தி மெதுவாக உட்கார்ந்தார். பதினேழு வருஷமாக நம்பி வந்தது அவர் முகத்தில் ஆட்டம் கண்டது நன்றாகத் தெரிந்தது.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "கேளுங்க ஐயா. வாய்க்குள்ள தோல் தினமும் உதிரும், புதுசு வளரும். எப்ப வளரணும், எப்ப நிறுத்தணும்னு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கட்டளை உண்டு. பொகையில வருஷக்கணக்கா உரசி உரசி அந்தக் கட்டளையைக் கேடாக்கும். கேடு வந்த ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நிறுத்தத் தெரியாது. வெள்ளையா ஒரு திட்டு வரும். எல்லா வெள்ளையும் கேன்சராகாது. ஆனா ஏதாவது ஒண்ணு அடித்தோலைத் தாண்டிக் கீழே எறங்கினா, அதுதான் கேன்சர். அப்புறம் அது கழுத்துல இருக்கிற நெறிக்கட்டிக்குத் தானே வழி கண்டுபிடிச்சுப் போகும். அதுக்கு என்னோட கத்தி வேண்டாம்."

"அப்ப எங்கண்ணனுக்கு?"

"அநேகமா, கத்தி வைக்கும் முன்னாடியே பரவியிருக்கும். ரொம்பப் பின்னாடிதான் கண்டிருப்பாங்க. எத்தனை மாசம் புண்ணோட இருந்தாரு?"

 அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் இருந்தார் என்பது ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியும்.

"இந்தக் கட்டி புண்ணுல இருக்கிற சீழாலயும் வரலாம். இப்ப நான் ஒண்ணும் தீர்த்துச் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "இன்னைக்கு நான் வேற பீஸ் எடுக்கறேன், ஆள் வெச்சு நானே அனுப்பறேன். திங்கக்கிழமை பெரிய ஆசுபத்திரில கழுத்துல ஊசி குத்தி டெஸ்ட், ஒரு ஸ்கேன். கேன்சர்னு வந்தா, கன்னத்துல அந்த பாகமும் கழுத்துல நெறிக்கட்டியும் ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்க. அப்புறம் ரேடியேஷன். சிலருக்கு கீமோ மருந்தும் வேணும். கன்னத்தோட நின்னா சுலபம். கழுத்துக்கு வந்தா கஷ்டம் கூடும், ஆனாலும் சிகிச்சை உண்டு. இந்த ஆறு வாரத்தை என்னால திருப்பித் தர முடியாது. இன்னும் ஒரு வாரம் போக்கிடாதீங்க."

எல்லோரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள், மருதாத்தாளைத் தவிர.

"அவரை எதுக்குங்க பாக்கறீங்க? வாய் என்றது," என்றாள் அவள். "எடுங்க டாக்டர்."

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து வருகிறேன் என்று டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். ஈஸ்வரமூர்த்தியால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே போய்விட்டார். சாய்வு நாற்காலியில் மாமியார், பக்கத்தில் மருமகள்.

செல்வப்பிரியாவுக்கு மாமியார்மேல் இரக்கமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. "மூணு மாசமா கழுத்துல கட்டிய வெச்சுக்கிட்டு ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்கலையே அத்தை. ஏனுங்க இப்புடி?"

"சொன்னனே அம்முணி."

"யாருகிட்டங்க?"

"ராசாகிட்ட. ஆயுத பூசைக்கு வந்தானல்ல, அன்னைக்கு. அவன் கையப் புடிச்சுத் தொட்டே காட்டுனேன்."

ராசா, அவள் கணவன் பூபதிராஜா. ஆயுத பூஜைக்குப் பிறகு அவன் நாலு தடவை வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். தினமும் சாயந்திரம் போன் செய்து, அம்மா சாப்பிட்டாங்களா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். இந்த வீட்டில் அவள் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

"அவரு என்ன சொன்னாருங்க?"

மருதாத்தாளுக்கு உதடு மரத்து வார்த்தை குழற ஆரம்பித்திருந்தது. "ஆரு கேட்டாலும் கழுத்தைக் காட்டாதம்மான்னான். டாக்டரே கேட்டாலும் வேண்டாம்னான். முக்கியமா பிரியாவுக்குத் தெரியக்கூடாதுன்னான்."

"ஏன்? எதுக்கு எனக்குத் தெரியக்கூடாது?"

"நானும் கேட்டேன். அவன் சொல்லலை. உன்ற தலைமேல சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டான் கண்ணு."

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். விளக்கை இழுத்துக் கன்னத்துக்கு நேராக வைத்தார்.

சத்தியத்தை மீறிய பாவம் அவளைத் தொடக்கூடாது என்பதுபோல, மருதாத்தாள் கையை நீட்டி, மருமகளின் உச்சந்தலையில் ஒரு முறை அழுத்தி வைத்தாள். பிறகு தன்னால் முடிந்த மட்டும் வாயைத் திறந்தாள்.